எஃப் எட்டில் இருந்த பெயர்

பன்னிரண்டு பத்துக்குப் பூங்கோதை எஃப் எட்டைத் திறந்து பார்த்தாள். அதற்குள், முன்பு அங்கே வேலை பார்த்த இன்னாசியின் பெயர் இருந்தது. முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், அவன் செய்து கொடுத்த ஷார்ட்கட்தானே, செய்தவன் பெயர் இருக்காதா என்று நினைத்துக்கொண்டு, பட்டியலில் எஃப் எட்டுக்கு நேரே டிக் போடப் போனாள். பேனா தாளைத் தொடாமலேயே நின்றுவிட்டது. காலையிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. விமான டிக்கெட் போடுகிற சாஃப்ட்வேருக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. பழைய ஷார்ட்கட் எதுவும் அதில் தானாக வந்து உட்காராது. ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறதோ அதைப் புது இடத்தில் திரும்ப அடித்துச் சேமிக்க வேண்டும். ஒரு மணிக்குக் கம்பெனிக்காரன் சென்னையில் உட்கார்ந்தபடியே பழையதை அழித்துவிடுவான் என்று கணபதியப்பன் சார் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அவர், எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும். எஃப் ஒன்று விமான நேரம், எஃப் இரண்டு சைவச் சாப்பாடு, எஃப் மூன்று சக்கர நாற்காலி, இப்படியே போய் எஃப் எட்டு, முழு கேன்சல். பழைய பதிப்பில் இந்தத் தலைப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கீபோர்டில் அந்தக் கீயை அழுத்தினால் உள்ளே என்னென்ன வரி ஓடுகிறது என்று யாரும் பார்த்ததில்லை, பார்க்க வழியும் இல்லை. புதியதுதான் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுக் காட்டுகிறது. எஃப் எட்டில் ஐந்து வரி. மூன்றாவது வரியில், மாற்றம் செய்பவர் பெயர் வர வேண்டிய இடத்தில், இன்னாசி. மற்ற ஷார்ட்கட் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. ஓட்டம் அங்கே நிற்கும், உங்கள் பெயரைக் கேட்கும், நீங்கள் அடித்த பிறகுதான் நகரும். எஃப் எட்டில் கேள்விக்குறி இல்லை. யார் அழுத்தினாலும் அது இன்னாசி என்றே எழுதிவிட்டுப் போய்விடும்.

பூங்கோதைக்குத் திக்கென்றது. ஏன் என்று மனசு சொல்வதற்கு முன்னாலேயே உடம்பு முந்திக்கொண்டது. ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருக்க, பின்கழுத்தில் வேர்த்தது. அந்தத் தில்லைநகர் அலுவலகத்தில் ஐந்து மேசை, ஐந்து கணினி, ஆனால் சாஃப்ட்வேருக்குள் போகிற கடவுச்சொல் ஒன்றே ஒன்று. காலையில் சார் வந்து திறந்துவிடுவார், அப்புறம் நாள் முழுக்க எல்லாரும் அதற்குள்ளேயே மேய்வார்கள். அதனால் ஒரு புக்கிங்கை யார் தொட்டார்கள் என்பதற்குத் தொட்டவர் அடிக்கிற பெயரைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. பெயர் இல்லாமல் அது எந்த மாற்றத்தையும் ஏற்காது. பின்னால் ஏதாவது தகராறு என்றால் அந்த புக்கிங்கின் ஹிஸ்டரியைத் திறப்பார்கள், மணியும் பெயரும் வரிசையாக நிற்கும், பேச்சு அதோடு முடிந்தது. போன வருஷம் வைகாசியில் சௌந்தரவல்லி அம்மாளின் ஹிஸ்டரியைத் திறந்து சாருக்கு வாசித்துக் காட்டியது பூங்கோதைதான். மூன்று நாற்பது, சைவச் சாப்பாடு, பூங்கோதை. மூன்று ஐம்பத்திரண்டு, முழு கேன்சல், இன்னாசி. நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற பிள்ளை மாதிரி வாசித்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட வாசித்தாளோ? இல்லை, பெருமை இல்லை, நம் பெயர் சாப்பாட்டோடு நின்றுவிட்டதே என்கிற நிம்மதி. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம். சௌந்தரவல்லி அம்மாள் மகள் கல்யாணத்துக்கு மலேசியாவில் இருக்கும் ஈப்போ போக வேண்டியவர். மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே மண்டபம் பார்த்திருந்தார்கள். திருச்சி விமான நிலையத்தில், சீர்ப் பெட்டிகளோடு கவுண்டரில் போய் நின்ற பிறகுதான் அப்படி ஒரு டிக்கெட்டே இல்லை என்று தெரிந்தது. முகூர்த்த மாசம், பள்ளி விடுமுறை வேறு, அடுத்த மூன்று நாளைக்கு ஒரு இடம் கிடையாது. மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எல்லாரும் பயந்துகொண்டிருக்க, அவர் உட்கார்ந்து போனை எடுத்துக் கல்யாணப் படத்தைக் காட்டினார். பொண்ணு பக்கத்துல என் எடத்துல எங்க ஓரகத்தி நிக்கிறா பாருங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வாரமே சார் இன்னாசியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

சரி, அதனால் என்ன, அது இன்னாசி அழுத்தியதாகவே இருக்கட்டுமே. பெயர் தானாக வருகிறது என்பதற்காக அவன் அழுத்தவில்லை என்று ஆகிவிடுமா? அவன் பெயர், அவன் செய்த ஷார்ட்கட், அவன் விரல். பூங்கோதை இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவன் அந்த ஷார்ட்கட்டைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லையே. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வந்து, எல்லார் கணினியிலும் ஏற்றிக் கொடுத்தான், யாரும் கேட்காமலேயே. சாஃப்ட்வேரில் பதிவு என்கிற பொத்தானை அழுத்திவிட்டு ஒரு வேலையை ஒரு தடவை செய்து காட்டினால் போதும், அப்புறம் ஒரே கீயில் அது அத்தனையும் ஓடும் என்று சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். எஃப் எட்டைப் பதிவு செய்தபோது பழக்கதோஷத்தில் தன் பெயரையே அடித்துவிட்டிருக்கிறான், கேள்விக்குறி போட மறந்துவிட்டான், அப்படியே எல்லாருக்கும் பங்கிட்டும் கொடுத்துவிட்டான். ஆக ஐந்து கணினி. ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். பக்கத்து மேசை தாஜ்நிஷாவாக இருக்கலாம், அவள் ஒரு கையால் போனில் பேசிக்கொண்டே மறு கையால் தட்டுகிறவள். வேலையை விட்டுப்போன அந்தக் கரூர்ப் பெண்ணாக இருக்கலாம். சாராகவே இருக்கலாம், அவர் சாஃப்ட்வேரைத் தொட்டால் எதையாவது மாற்றி வைத்துவிடுவார். ஐந்து பேரில் நான்தான் என்று என்ன கட்டாயம்? இப்படி ஒவ்வொருத்தராக மேசையில் உட்கார்த்தி அழுத்த வைத்துப் பார்த்தாள். யாரும் பொருந்தி வரவில்லை. அவளுடைய கைதான் ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நின்றது. என் எஃப் எட்டு என்று அவள்தான் அதைக் கொண்டாடினாள். கேள்வி கேட்காம வேலையப் பாக்குது என்று தாஜ்நிஷாவிடம் சொல்லியிருக்கிறாள். மற்றதெல்லாம் பெயர் கேட்கிறதே, இது ஏன் கேட்கவில்லை என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கை வேகத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, வேகமாக நடக்கிற எதையும் அவள் நிறுத்தி விசாரிப்பதில்லை.

அப்போதுதான் முருகையன் ஞாபகத்துக்கு வந்தார். வராமலே இருந்திருக்கலாம். துவரங்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருக்கும் முருகையன், சிங்கப்பூருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்லி சௌந்தரவல்லி அம்மாளின் டிக்கெட் கேன்சலான அன்றைக்குப் போன் செய்தார். அன்றைக்கா? அன்றைக்குத்தான். சாயங்கால டீ வருவதற்கு முன்னால். சாஃப்ட்வேரில் ஒரே நேரத்தில் நாலைந்து புக்கிங்குகளைத் தனித்தனித் திரையாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். அவள் ஒரு திரையில் சௌந்தரவல்லி அம்மாளுக்குச் சைவச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள், போன் வந்தது, முருகையனை வேறொரு திரையில் திறந்தாள், அவர் மூச்சுவிடாமல் பேசினார், அவள் சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டே எஃப் எட்டை அழுத்தினாள், கேன்சல் ஆனது என்று பச்சையில் வந்தது, ஆயிருச்சுங்க என்று சொல்லிப் போனை வைத்தாள். இதில் என்ன தப்பு? மறுநாள் காலையில் பார்த்தால் முருகையனின் டிக்கெட் குத்துக்கல்லாக அப்படியே இருந்தது. நேத்திக்குப் பண்ணினோமே, எடுக்கலையா என்று சலித்துக்கொண்டு இன்னொரு தடவை கேன்சல் செய்தாள். நெட் சரியில்லை என்று தாஜ்நிஷாவிடம் குறைகூடப் பட்டுக்கொண்டாள். முருகையனை அவள் இரண்டு தடவை கேன்சல் செய்திருக்கிறாள். இந்த உலகத்தில் எந்த டிக்கெட்டையும் இரண்டு தடவை கேன்சல் செய்ய முடியாது. அப்படியென்றால் முதல் தடவை அவள் அழுத்தியது யார் மேல்? போனில் பேசிக்கொண்டே திரை தாவிவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள், தாவவில்லை. முன்னால் நின்றது சௌந்தரவல்லி அம்மாள். பூங்கோதைக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. தாஜ்நிஷா யாரிடமோ பாஸ்போர்ட் நம்பர் கேட்பது எங்கேயோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இருந்தது. நான்தான். நான்தான். பதினான்கு மாசமாக அது நான்தான்.

இன்னாசிக்கே தெரியவில்லை என்பதுதான் தாங்கவில்லை. அவள் ஹிஸ்டரியை வாசித்து முடித்ததும் அவன், நான் பண்ணல சார் என்றான். சார் திரையைக் காட்டினார். அவன் போய்க் குனிந்து, அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, நான்தான் பண்ணியிருப்பேன் போல, ஞாபகமில்ல சார் என்றான். அதற்கு மேலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உறையூரில் அந்த அம்மாள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டானாம், பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லையாம். செய்யாத தப்புக்குப் பழத்தோடு போய் வாசலில் நின்றிருக்கிறான். ஊரில் டிக்கெட் போடுகிற அலுவலகங்கள் இருபதோ முப்பதோ, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒருத்தரும் அவனை எடுக்கவில்லை. ஆறு மாசம் வீட்டில் கிடந்து, இப்போது மத்திய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆம்னி பஸ் கவுண்டரில் இருக்கிறான், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேலை. பங்குனியில் மதுரை போனபோது பூங்கோதை அவனிடமே டிக்கெட் வாங்க வேண்டியதாகிவிட்டது. மேடம் நல்லாருக்கீங்களா என்று சிரித்தான். அவள் பெயரை எழுதினான், தேதியை எழுதினான், எழுதியதை வாய்விட்டுப் படித்தான், திரும்பவும் படித்தான், பின்னால் வரிசை முணுமுணுத்தது. நாலு விரலால் டிக்கெட் அடித்து அலுவலகத்தையே அசத்தியவன். கையை நம்ப முடியல மேடம், அதான் ரெண்டு வாட்டி பாத்துக்கிறது என்றான். அவள் ஐயோ பாவம் என்று நினைத்தாள். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, விராலிமலை தாண்டுகிற வரைக்கும் அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே போனாள். என்ன நல்ல மனசு. நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. இந்த நாற்காலி அவனுடையது. அவன் போன பிறகு சார் அவளைத்தான் சீனியர் ஆக்கினார், ஜன்னல் பக்கத்து மேசையைக் கொடுத்தார். அதில் உட்கார்ந்துதான் இப்போது அவன் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும். இன்னாசிக்கு ஒரு வாரத்தில் நடந்தது அவளுக்கு ஒரு மணி நேரத்தில் நடக்கும். நாற்பத்திரண்டு வயதில் எங்கே போய் நிற்பது? மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர், உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, யாராவது கேட்டாங்களா என்பார். கேட்கவில்லைதான். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு மணிக்குக் கம்பெனிக்காரன் அழித்துவிடுவான், எஃப் எட்டு எந்த வழியில் ஓடியது என்று அப்புறம் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அவள் எதையும் அழிக்கக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேன்சலை ஷார்ட்கட்டில் செய்யவே கூடாது, கையாலதான் அடிக்கணும் என்று சார் உத்தரவு போட்டிருந்தார். அதனால்தான் இந்தப் பெயர் இத்தனை நாள் மறுபடி எங்கேயும் தலைகாட்டவில்லை. இவ்வளவு சௌகரியமாக ஒரு தப்பு யாருக்கு அமையும்? நினைத்துக்கொண்டிருக்கும்போதே சார் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, முடிஞ்சுதாம்மா என்று கேட்டார். எஃப் எட்டு மட்டும் பாக்கி சார் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதுவே அவளுக்கு ஆச்சரியம். அதான் யாரும் தொடுறதில்லையே, விட்ரும்மா, விட்ரு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். ஆளாளுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ போம்மா போ என்கிறார்கள். அந்த ஐந்து வரியையும் அவள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று தெரியவில்லை. எடுத்த பிறகு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் பார்த்தாள்.

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இன்னாசியிடம் மட்டும் சொல்லிவிடுவது. அவன் கெட்டவன் இல்லை, ஊரைக் கூட்ட மாட்டான், ஆனால் அவனுக்குத் தெரிந்துவிடும், தன் கையை நம்ப ஆரம்பித்துவிடுவான், அதுதானே முக்கியம். அலுவலகத்துக்கு எதற்கு? சாருக்கு எதற்கு? மனசுக்கு மனசு சொன்னால் போதாதா? இப்படி ஒரு நியாயத்தைத் தைத்துப் போட்டுக்கொண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. நம்பர் போனில் அப்படியே இருந்தது, ஒரு தடவைகூட அழைக்காத நம்பர். மேசையில் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அழைத்தாள். எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மேடம்" என்றான். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"இன்னாசி, அந்த சௌந்தரவல்லி அம்மா கேன்சல் நீங்க பண்ணல. நான் பண்ணிட்டேன்."

அவள் எஃப் எட்டைப் பற்றி, மூன்றாவது வரியைப் பற்றி, முருகையனை இரண்டு தடவை கேன்சல் செய்ததைப் பற்றி, எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகக் கொட்டினாள். தொழில் தெரிந்தவன், பாதியிலேயே புரிந்துகொண்டான். ஓ, என் பேரை அதுக்குள்ளயே அடிச்சு வச்சிட்டேனா, அப்ப என் தப்புதான் அது என்று மெதுவாகச் சொன்னான். இன்னமும் தன் தப்பைத்தான் தேடுகிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி பாரம் இறங்கும், அதில் பொய்யும் இல்லை. பூங்கோதைக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பேர்தான் உங்களோடது. அழுத்தினது நான்" என்றாள்.

மறுமுனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம். அவன் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், ஸ்பீக்கர்ல போடுறேன். ஸ்டெல்லா இருக்கா, அப்பா இருக்காரு. எங்கிட்ட சொன்னத அவுங்ககிட்ட ஒரு வாட்டி சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மேடம், அப்பாவுக்குக் காது கேக்காது."

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். தாஜ்நிஷாவுக்கு எதிரில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி அறைக்குள் சார் சாப்பாட்டுப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார், கதவு பாதி திறந்திருந்தது. இந்த அலுவலகத்தில் சத்தமாகப் பேசினால் வாசலில் டூவீலர் நிறுத்துகிறவனுக்கும் கேட்கும். அப்புறமாப் பேசுறேன் இன்னாசி என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குப் போய்ப் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகலாம், பழம் வாங்கிக்கொண்டு. போனில் அவன் மனைவி ஸ்டெல்லாவின் குரல், என்னங்க, யாரு, என்னவாம் என்று கேட்டது. பூங்கோதை எழுந்து நின்றாள். முழங்கால் மேசையில் இடித்தது. வாயை மறைத்திருந்த கையை எடுத்தாள்.

"ஐயா, இன்னாசி எந்தத் தப்பும் பண்ணல. அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணது நான்."

தாஜ்நிஷா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். சார் கையில் டிபன் மூடியோடு எழுந்து கதவண்டை வந்தார். போனில் கிழவர், யாரும்மா பேசுறது, சரியாக் கேக்கலையே என்றார். பூங்கோதை தன் பெயரைச் சொல்லி, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.